ஓட்டத் தெரிந்தவரைச் சொல்லிக்கொடுக்கப் பழக்குவது

உச்சிப்புளியில் கடற்படை விமானம் இறங்குவதைப் பார்த்து வளர்ந்து, பைலட்டாகி, இப்போது பயிற்றுநராகப் போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளைப் பழக்குகிறவர்களுக்கு இது. நன்றாக ஓட்டினால் நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிடுவார் என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் தரையில் பேச வையுங்கள். பக்கக் காற்றில் இறங்குவதை விளக்கச் சொன்னால் உடனே சூத்திரத்துக்குப் போவார்கள்; மண்டபத்துப் பையனுக்கு, நீரோட்டத்தில் வள்ளத்தின் முகப்பை ஓட்டம் வரும் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடிப்பதைச் சொன்னால் பாதி புரிந்துவிடும். அப்படியே காற்று வரும் பக்கம் திருப்பிப் பிடித்த விமானத்தின் மூக்கை, சக்கரம் தொடும் முன் ரடரால் (வாலில் இருக்கும் சுக்கான்) ஓடுபாதைக்கு நேராக்கி, காற்றுப் பக்கத்து இறக்கையைத் தாழ்த்த வேண்டும் என்பதை மட்டும் தனியாக, நிதானமாக.

அப்புறம் மேலே போய் நீங்களே மாணவராக நடியுங்கள். போதிய உயரத்தில், இறங்குவது போன்ற பயிற்சியில் வேகத்தை மெல்ல விழ விடுங்கள், பயிற்றுநராகப் போகிறவர் எப்போது கவனிக்கிறார், வாயால் சொல்கிறாரா, கை முந்துகிறதா என்று பாருங்கள். உயரத்தில் தப்பு நடக்கக் கொஞ்சம் விடலாம். தரைக்குப் பக்கத்தில் விடவே கூடாது. ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்’ (விமானம் இப்போது என் கையில்) என்று பயிற்றுநர் சத்தமாகச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும், மாணவர் பதில் சொல்லிக் கையை எடுக்க வேண்டும், இதில் தயவுசெய்து சலுகையே காட்டாதீர்கள்.

இறங்கியதும் அவரைப் பத்துக் குறையை அடுக்க விடாதீர்கள். மாணவரையே முதலில் சொல்லச் சொல்லட்டும், சரி, பிறகு ஒன்றிரண்டு போதும்.