டான்டாடான் பார்க்க உட்காருவதற்கு முன்

டான்டாடான் என்ற ஜப்பானிய அனிமே தொடரைத் தொடங்கிவிட்டுப் பாதியில் மூடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மூடுகிறார்கள்: முதல் எபிசோடில். பேய்க்கதை என்று உட்கார்ந்தால் வேற்றுக்கிரகவாசி வருகிறான், சண்டை என்று நினைத்தால் இரண்டு பேர் போனில் வாய்ச்சண்டை போடுகிறார்கள். எதைப் பார்ப்பது என்று தெரியாததுதான் சிக்கல்.

முதல் சீசன் 2024 அக்டோபரில் வந்தது. 12 எபிசோட், ஒவ்வொன்றும் சுமார் 24 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் என்று ஒரே ராத்திரியில் முடிக்கப் பார்க்காதீர்கள். 1 முதல் 4 வரை ஒரு நாள். டர்போ பாட்டி என்ற பேயின் கதை அதில் ஒரு சுற்று முடியும். 5 முதல் 7 வரை இன்னொரு நாள். 7 கனமான எபிசோட், ஒரு தாயின் கதை. அது முடிந்த கையோடு 8-ஐப் போட்டால் அதன் கூத்து எரிச்சலாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் மீதி ஐந்து. ஆனால் 12 நட்டநடுவில் நின்றுவிடுகிறது. 2025 ஜூலையில் வந்த இரண்டாம் சீசனின் முதல் எபிசோடையும் அன்றைக்கே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரோடு பார்ப்பது என்பதையும் யோசியுங்கள். முதல் எபிசோடில் நாயகி மோமோவை வேற்றுக்கிரகவாசிகள் பிடித்து, ஆடையைக் களைந்து மிரட்டும் காட்சி இருக்கிறது. 12-இன் கடைசியிலும் வெந்நீர்க் குளியலிடத்தில் அதே மாதிரி ஒரு சங்கடம். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். பெரியவர்களோடு என்றால், நாயகன் ஒக்காருனிடமிருந்து டர்போ பாட்டி பறித்துக்கொள்ளும் உறுப்பு எது என்று அம்மாவுக்கு நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது டிவி. கொண்டோ ஹாலில் புதிதாக வாங்கி மாட்டிய டிவியில் அனிமே சண்டைகள் வழவழவென்று தெரிவதற்குக் காரணம் படமல்ல, செட்டிங். அனிமே நொடிக்கு 24 ஃபிரேம். ஓர் ஓவியத்தை இரண்டு மூன்று ஃபிரேமுக்கு அப்படியே நிறுத்துவதால், நொடிக்கு 12 அல்லது 8 ஓவியம்தான் வரும். அந்த வெட்டு வேண்டுமென்றே வைத்தது; அடி விழும் கனம் அதில்தான் இருக்கிறது. டிவி நடுநடுவே தானாக ஃபிரேம் செருகினால் கனம் போய்விடும், வேகமான காட்சிகளில் கோடுகளின் ஓரம் கிழியும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி. எதுவானாலும் ஆஃப் செய்யுங்கள். விவிட் மோடையும் மாற்றுங்கள். டர்போ பாட்டி வரும் இடங்களில் திரை முழுக்கச் சிவப்பாகும். விவிட்டில் அந்தச் சிவப்பு ஒரே அப்பலாகி, உள்ளே வரைந்திருப்பது தெரியாது. மூவி அல்லது சினிமா மோட் போதும்.

ஒலி ஜப்பானியத்தில் இருக்கட்டும். பாட்டியின் சாபத்தால் உருமாறியதும் ஒக்காருன் சோர்ந்துபோன குரலில் இழுத்து இழுத்துப் பேசுவான். ஹனாயே நட்ஸுகி அதைச் செய்திருக்கும் விதத்துக்காகவே கேட்கலாம். பாட்டிக்குக் குரல் தனகா மயூமி, ஒன் பீஸின் லூஃபியாகப் பேசுகிறவர். வசனம் பறக்கும் வேகத்தில் வருவதால், சப்டைட்டிலில் எந்த மொழியை வேகமாக வாசிப்பீர்களோ அதையே தேர்ந்தெடுங்கள். சவுண்ட்பார் இல்லையென்றால் 5.1 சரவுண்ட் ஒலி வேண்டாம், ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பேச்சு முணுமுணுப்பாகவும் சண்டை இடியாகவும் வரும், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

இனி எதைப் பார்ப்பது. மோமோ பேயை நம்புவாள், வேற்றுக்கிரகவாசியை நம்பமாட்டாள். ஒக்காருன் நேர்மாறு. பந்தயம் கட்டி, அவள் பாழடைந்த மருத்துவமனைக்கும் அவன் சுரங்கப்பாதைக்கும் போகிறார்கள். மலேசியாவின் காராக் நெடுஞ்சாலையில் வரும் மஞ்சள் வோக்ஸ்வேகன் காரின் பேய்க்கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுரங்கப்பாதை அந்நியமாகத் தெரியாது. பாட்டியின் சாபம் அவனைப் பிடித்தபின், மோமோ தன் சக்தியால் அதை அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்தால் அவன் அவனாக இருக்க மாட்டான். இந்த விதியைக் கண்ணில் வைத்துக்கொண்டு 3, 4 பாருங்கள். துரத்தலில் ஓடும் வேகம் அவனுடையது, பிடித்து நிறுத்தும் பலம் அவளுடையது. ஒருவரை விட்டு ஒருவர் தப்பிக்க வழியே இல்லை. காதல் வசனம் ஒன்றுகூட வராமல் நெருக்கம் கூடுவது இதனால்தான். 5-இல் பேய் ஒதுங்கி நிற்க, பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒருவரையொருவர் தேடிவிட்டு, எதிரே வந்ததும் பேச்சு வராமல் தடுமாறுவார்கள். சண்டைதான் முக்கியம் என்று அதைத் தள்ளி ஓட்டினால் தொடரில் பாதி போச்சு.

அடுத்த தொடரைத் தேர்ந்தெடுக்கவும் இதே உரைகல் போதும்: இருவரில் ஒருவரை எடுத்துவிட்டாலும் சண்டை நடக்குமா? நடந்தால், காதல் அங்கே வெறும் ஊறுகாய்.

இந்தச் சோதனையில் தேறும் பழைய தொடர் இனுயாஷா. நாயகன் இனுயாஷாவின் கழுத்து மணிமாலை நாயகி ககோமேயின் ஒரு சொல்லுக்குத்தான் கட்டுப்படும். 2000 முதல் 2004 வரை 167 எபிசோட். நடுவில் மெயின் கதைக்குத் தொடர்பில்லாதவற்றைத் தள்ளிவிட்டால் நஷ்டமில்லை. ஆனால் 2009-இல் தொடங்கிய 26 எபிசோட் ஃபைனல் ஆக்டை விட்டுவிடாதீர்கள். 167-லேயே நிறுத்தியவர்களுக்கு வில்லன் நராக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கிறான்.