இதயச் செயலிழப்பு உள்ளவர் மீண்டும் வைத்தியசாலையில் சேராதிருக்க வீட்டார் செய்ய வேண்டியவை

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையிலோ நாட்பட்ட இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்று, வீக்கம் வற்றி வீடு திரும்பியவர், சில வாரங்களிலேயே அதே மூச்சுத் திணறலோடு மறுபடி அனுமதிக்கப்படுவதுண்டு. நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் மனமுடைந்து போகிறார்கள். சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். நெஞ்சுச் சளித் தொற்றோ ஒழுங்கற்ற இதயத் துடிப்போ காரணமாவதும் உண்டு. ஆனால் பலருக்கு அந்தத் திணறல் பல நாட்களாக உடலில் சேர்ந்த நீரின் விளைவு. அந்த நாட்களில் வீட்டிலேயே அதைக் கண்டுகொள்ள முடியும்.

பலவீனமான இதயம் போதிய இரத்தத்தை அனுப்பாதபோது சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் தேக்குகின்றன. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ நிறை என்பதால், கால் வீங்குமுன்பே தராசு அதைக் காட்டிவிடும். காலையில் சிறுநீர் கழித்த பின், எதுவும் உண்ணுமுன், நாள்தோறும் நிறை பார்த்துக் கிளினிக் கொப்பியில் திகதியுடன் எழுதுங்கள். மூன்று நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினால், மூச்சு வாங்காவிட்டாலும், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் வேறு எந்தச் செலவைத் தள்ளிப்போட்டாலும் தராசு வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, குளிசை. சிறுநீரைப் போக்கும் புருசமைட் குளிசையைக் கொழும்புக்குப் பஸ் ஏறும் நாளிலும் திருவிழாவுக்கோ கலியாண வீட்டுக்கோ போகும் நாளிலும் பலர் விட்டுவிடுகிறார்கள். வழியில் ஒதுங்க இடமில்லாத பெண்களுக்கு இது உண்மையான துன்பம். அவர்களைக் கடிந்து பயனில்லை. குளிசையைத் தவிர்க்காமல், போய்ச் சேர்ந்த பின் எடுக்கலாமா என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நோன்பு பிடிக்க விரும்புகிறவர்களும் ரமழான் தொடங்குமுன் கிளினிக்கில் பேசி, நோன்பு பிடிக்கலாமா, குளிசை நேரங்களை எப்படி மாற்றுவது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள், அடங்க வேண்டும். கருவாடும் மாசிச் சம்பலும் ஊறுகாயும் சூப் கட்டிகளும் சேரும்போது அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். கருவாட்டைக் கழுவினாலும் உப்பு முழுதாகப் போகாது. வாவி மீனைப் புளியும் மிளகும் சேர்த்துச் சமைத்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. வயிற்று எரிவுக்குக் குடிக்கும் ஈனோவிலும் சோடியம் நிறைய உண்டு. ஸ்பைரோனோலக்டோன் என்னும் இன்னொரு சிறுநீர் போக்கும் குளிசையை எடுப்பவர்கள் இளநீரையும் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையும் வைத்தியரைக் கேட்காமல் தொடக் கூடாது, ஏனெனில் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே பிறழக்கூடும்.

முழங்கால் வலிக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் டைக்குளோபெனக், இபுபுரோபன் போன்றவை உடலில் நீரைத் தேக்கி, புருசமைட்டின் வேலையையும் மட்டுப்படுத்துகின்றன. மருந்து வாங்கும்போதெல்லாம் இதய நோய் இருப்பதைச் சொல்லுங்கள்.

படுத்தால் மூச்சு முட்டி எழுந்திருக்க நேர்ந்தாலோ, மூச்சு முட்டாமல் படுக்கத் தேவைப்படும் தலையணைகள் ஒன்றுக்கு இரண்டாகக் கூடினாலோ அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இருந்த நிலையிலேயே மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால், 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். மூச்சுத் திணறுபவரைச் சாய்த்து உட்காரவையுங்கள். எடுக்கும் குளிசைகள் அனைத்தையும் நிறை எழுதிய கொப்பியையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.