கைத்துப்பாக்கிச் சோதனை அறிக்கையைப் படிப்பது எப்படி? மணல், உப்பு, குளிர்: தொடக்கநிலை வாசகருக்கான செய்முறை விளக்கம்

"இந்தத் துப்பாக்கி சேற்றிலும் சுடும், கடல்நீரிலும் சுடும்" என்ற வாசகத்தை விளம்பரங்களிலும் காணொளிகளிலும் அடிக்கடி பார்க்கிறோம். அதை நம்புவதற்கும் மறுப்பதற்கும் முன்பு, அந்தக் கூற்றுக்குப் பின்னால் இருக்கும் சோதனையைப் படித்துப் பார்க்கும் திறமை நமக்கு வேண்டும். அந்தத் திறமையைப் படிப்படியாகக் கற்றுத் தருவதே இந்த விளக்கத்தின் நோக்கம். இதற்குத் துப்பாக்கி தேவையில்லை. பொதுவில் கிடைக்கும் ஒரு சோதனை அறிக்கையும், அடுக்கு கணக்கிடும் வசதியுள்ள கைபேசிக் கணிப்பானும் போதும். எடுத்துக்காட்டாக, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் செயல்முறைச் சோதனை மற்றும் மதிப்பீட்டு இயக்குநரகம் 2017 நிதியாண்டுக்கு வெளியிட்ட ஆண்டறிக்கையில் எக்ஸ்எம்17 (முழு அளவு), எக்ஸ்எம்18 (சற்றுச் சிறியது) பிஸ்டல்களைப் பற்றி வந்த பகுதியையே பெரிதும் பயன்படுத்துகிறேன். அந்த ஆண்டு ஜனவரியில் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 வடிவமைப்பை, இந்த இரு பிஸ்டல்களுக்கும் அடிப்படையாக, அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்தது. 1985 முதல் பயன்பாட்டில் இருந்த பெரெட்டா எம்9 பிஸ்டலுக்கு அது மாற்றாக வந்தது.

படி 1: இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நம்பகத்தன்மை என்பது, விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கி சுட்டு, சுட்ட தோட்டாவின் வெற்று உறையை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிறதா என்பது. நீடித்துழைப்பு என்பது, எத்தனை ஆயிரம் தோட்டாக்களுக்குப் பிறகு அதன் பாகங்கள் தேய்கின்றன, விரிசல் காண்கின்றன, உடைகின்றன என்பது. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 1980களின் இறுதியில் சில எம்9 பிஸ்டல்களின் ஸ்லைடு (ஒவ்வொரு முறை சுடும்போதும் முன்பின்னாக நகரும் மேற்பாகம்) சுடும்போதே முறிந்து, அதன் பின்பாதி சுட்டவரின் முகத்தில் பட்டுக் காயம் ஏற்பட்டது. கடுமையான தேர்வுப் போட்டியில் வென்று வந்த துப்பாக்கிக்குத்தான் இது நேர்ந்தது. அதன் பிறகு, ஸ்லைடு உடைந்தாலும் பின்னோக்கிப் பாயாதபடி சுத்தியல் அச்சாணியின் தலையைப் பெரிதாக்கினார்கள். ஆகவே அறிக்கையைக் கையில் எடுத்தவுடன், அது எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: தோட்டா எண்ணிக்கையைத் தடைகளால் வகுத்துப் பாருங்கள்

சுடுவது இடையில் நின்றுபோகும் ஒவ்வொரு நிகழ்வையும் தடை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் சுட்ட தோட்டாக்களைத் தடைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையே சராசரியாக எத்தனை தோட்டாக்கள் சுடப்பட்டன என்பது கிடைக்கும். 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய ராணுவம் வகுத்த நிபந்தனைகளில், முதல் 10,000 தோட்டாக்களில் 20 தடைகளுக்கு மேல் வரக் கூடாது என்பது ஒன்று. குளோக் 17 வென்றது அந்தத் தேர்வில்தான். வகுத்துப் பார்த்தால் 500 வருகிறது. எக்ஸ்எம்17 தேர்வில் அமெரிக்கத் தரைப்படை கேட்டதோ 2,000. ஒரு தலைமுறைக்குள் எதிர்பார்ப்பு நான்கு மடங்காக உயர்ந்திருக்கிறது என்பதை இந்த ஒரு வகுத்தலே காட்டிவிடுகிறது.

படி 3: சராசரியை நிகழ்தகவாக மாற்றுங்கள்

2,000 என்ற சராசரியைக் கேட்டவுடன், 2,000 தோட்டா வரை துப்பாக்கி நிற்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, ஏனென்றால் தடை முதல் தோட்டாவிலும் வரலாம். வீரர் ஏந்திச் செல்லும் 45 தோட்டாக்களும், அதாவது 15 தோட்டா கொண்ட மூன்று மேகசின்களும் (பிடியில் செருகும் தோட்டாக் கூடுகளும்), தடையின்றித் தீர்வதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதே பயனுள்ள கேள்வி. கணக்கு எளியது: 1-ஐச் சராசரியால் வகுத்து, அதை 1-இலிருந்து கழித்து, வரும் எண்ணை 45-ஆம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 2,000-க்கு ஏறத்தாழ 98 விழுக்காடு கிடைக்கும். நான் சொன்ன அறிக்கையில், குண்டு முழுவதும் உலோகத்தால் மூடப்பட்ட வழக்கமான தோட்டாவைச் சுட்டபோது எக்ஸ்எம்17 எட்டிய சராசரி 343, எக்ஸ்எம்18 எட்டியது 197. கணிப்பானில் இட்டுப் பார்த்தால் முறையே 88, 80 விழுக்காடு வரும். அறிக்கையும் அதே விழுக்காடுகளைத்தான் தருகிறது. இந்தக் கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் போட்டுப் பார்த்தவர் பிறகு எந்தச் சராசரியையும் வெறுமனே வியந்து கடந்துபோக மாட்டார்.

படி 4: தடை என்று எதை எண்ணினார்கள் என்று பாருங்கள்

மேலே சொன்ன எண்களைக் கண்டு அந்தத் துப்பாக்கி மோசமானது என்று முடிவு கட்டுவதற்கு முன், தடைகளின் வகைப்பாட்டைப் படிக்க வேண்டும். எக்ஸ்எம்17-இல் ஏற்பட்ட தடைகளில் சுமார் 60 விழுக்காடும், எக்ஸ்எம்18-இல் சுமார் முக்கால் பங்கும் ஒரே வகையைச் சேர்ந்தவை: மேகசினின் கடைசித் தோட்டா சுடப்பட்ட பிறகு ஸ்லைடு பின்னால் நின்று பூட்டிக்கொள்ளவில்லை. தரைப்படையில் கற்றுத்தரப்படும் உயரமான பிடியில் கட்டைவிரல், ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் நெம்புகோலை அழுத்தியது காரணமாக இருக்கலாம் என்று படையின் துப்பாக்கிச் சுடுதல் வல்லுநர்கள் கருத்துத் தெரிவித்திருந்தார்கள். இது சண்டையின் நடுவே தோட்டா சிக்கிக்கொள்வதற்கு நிகரான கோளாறு அன்று. ஆயினும் மேகசின் காலியாகிவிட்டதைச் சுடுபவர் உணராமல் போகக்கூடும் என்பதால், அதைக் கணக்கில் சேர்த்தது சரியே என்பது என் கருத்து. இன்னொன்று, முனை குழிந்த சிறப்புத் தோட்டாவைச் சுட்டபோது அதே பிஸ்டல்களில் தடைகள் குறைந்தன. ஆகவே நம்பகத்தன்மை என்பது துப்பாக்கியின் குணம் மட்டும் அன்று. துப்பாக்கி, மேகசின், தோட்டா, எண்ணெய், பிடிக்கும் கை ஆகிய எல்லாம் சேர்ந்த ஓர் அமைப்பின் குணம் அது. இவற்றில் ஒன்றைச் சொல்லாமல் விட்ட அறிக்கையை அரைகுறையானது என்றே கொள்ளுங்கள்.

படி 5: "ஒரு தடைகூட இல்லை" என்ற கூற்றை எடைபோடுங்கள்

தடையே வராத சோதனைக்குப் புள்ளியியலில் மூன்றின் விதி என்ற எளிய வழி உண்டு. 3-ஐச் சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கையால் வகுத்தால், 95 விழுக்காடு உறுதியுடன் சொல்லத்தக்க தடை விகிதத்தின் மேல் எல்லை கிடைக்கும். காணொளியில் ஒருவர் 300 தோட்டாக்களைச் சிக்கலின்றிச் சுட்டுக் காட்டினால், அது உறுதிப்படுத்துவது நூற்றுக்கு ஒரு தடைக்கு மேல் வராது என்பதை மட்டுமே. அந்த விகிதத்தில் 45 தோட்டாக்கள் தடையின்றித் தீரும் வாய்ப்பு 64 விழுக்காடுதான். 1911 மார்ச்சில் அமெரிக்கத் தேர்வில் கோல்ட் பிஸ்டல் 6,000 தோட்டாக்களை ஒரு தடையும் இன்றிச் சுட்டது. அதே மாதம் 29-ஆம் நாள் அது எம்1911 என ஏற்கப்பட்டது. மூன்றின் விதிப்படி 6,000-க்குக் கிடைப்பது 2,000-க்கு ஒன்று, அதாவது நூறாண்டுக்குப் பிறகு தரைப்படை கேட்ட அதே அளவு. ஆனால் அந்தச் சோதனையில் ஒவ்வோர் ஆயிரம் தோட்டாவுக்கும் ஒருமுறை துப்பாக்கியைத் துடைத்து எண்ணெயிட்டார்கள் என்பதையும், சுடப்பட்டது ஒரே ஒரு துப்பாக்கி என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

படி 6: கடுஞ்சூழல் எப்படி உருவாக்கப்பட்டது என்று தேடுங்கள்

மணல் சோதனையில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய். மிகுதியாக எண்ணெயிட்ட துப்பாக்கியில் நுண்மணல் ஒட்டிப் பசையாகி, ஸ்லைடு பின்வாங்கும் வேகத்தைக் குறைக்கிறது. எண்ணெயே இல்லாவிட்டால் உராய்வு கூடுகிறது. அடுத்தது மேகசின். ஈராக் போரில் எம்9 பற்றி எழுந்த புகார்களில் ஒரு பகுதிக்குக் காரணம், சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சுக் கொண்ட மேகசின்களின் உட்சுவரில் புழுதி பிடித்துக்கொண்டு தோட்டாக்களை மேலேற விடாமல் செய்ததுதான். வழவழப்பான பூச்சுள்ள மேகசின்கள் வந்த பிறகு நிலைமை சீரானது. எனவே மணல் மேகசினுக்குள்ளும் புகுந்ததா, துப்பாக்கி உறையில் இருந்ததா, வெளியில் கிடந்ததா என்பதை அறிக்கை சொல்ல வேண்டும்.

உப்புக்கு மில்-ஸ்டி-810 என்ற அமெரிக்கத் தரநிலை ஒரு தெளிவான முறையைத் தருகிறது: 5 விழுக்காடு உப்புக் கரைசலை 35 பாகை செல்சியசில் பனிமூட்டமாகத் தெளித்து, 24 மணி நேரம் ஈரம், 24 மணி நேரம் உலர்வு என மாற்றி மாற்றி இருமுறை செய்ய வேண்டும். இதைப் பின்பற்றாமல் "கடல்நீரில் முக்கினோம்" என்று மட்டும் சொன்னால் ஒப்பிட வழியில்லை. பாலிமர் (நெகிழி) உடற்சட்டகம் துருப்பிடிக்காது என்பது உண்மைதான், ஆனால் அதற்குள் இருக்கும் சுருள்வில்களும் ஊசிகளும் எஃகே. துருவேறா எஃகிலும் உப்பு சிறு குழிகளை அரித்துவிடும்.

குளிரில் கெட்டியான கிரீஸ் சுடும் ஊசியின் வேகத்தைத் தணித்துவிடுவதால், அடி விழுந்தும் பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள, அடிபட்டால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிக்காமல் போகலாம். வெப்பநிலையும் எண்ணெயின் வகையும் குறிப்பிடப்பட்டிருந்தால் போதும்.

ரிவால்வர் எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தோட்டாக்களைத் தாங்கும் அதன் உருளை தோட்டாவின் ஆற்றலைச் சாராமல் சுழல்வதால், பெட்டியில் நெடுநாள் கிடந்தாலும் அது வேலை செய்யும். ஆனால் உறைகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் சிறிதளவு மணலோ எரியாத வெடிமருந்துத் துகளோ சேர்ந்தாலே உருளை இறுகி நின்றுவிடும்.

படி 7: விழுந்தால் என்ன ஆகும் என்ற பகுதியைத் தவறாமல் படியுங்கள்

கடுஞ்சூழலில் துப்பாக்கி சுடாமல் போவது ஒரு தவறு என்றால், விசையைத் தொடாமலே சுட்டுவிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. ஆஸ்திரிய நிபந்தனைகளில் 2 மீட்டர் உயரத்திலிருந்து எஃகுப் பரப்பில் விழுந்தாலும் வெடிக்கக் கூடாது என்ற விதி இருந்தது. எக்ஸ்எம்17-ஐ, குண்டும் மருந்தும் இல்லாமல் பிரைமர் மட்டும் பொருத்திய உறையுடன் கீழே போட்டுப் பார்த்தபோது பிரைமர் வெடித்தது. உற்பத்தியாளர் விசைப் பாகங்களின் எடையைக் குறைத்து அதைத் திருத்தினார். எந்த உயரத்திலிருந்து, எந்தப் பரப்பின் மீது, எந்தெந்தக் கோணங்களில் போடப்பட்டது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒரு கோணத்தில் தேறிய துப்பாக்கி மற்றொரு கோணத்தில் தோற்கலாம். திருத்தத்துக்கு முன் தயாரானவை எவை, பின் தயாரானவை எவை என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.