பெயர் தெரியாத பழைய துவக்கு வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒரே இரவில் பாத்தி பாத்தியாகக் கிளறிவிட்டுப் போய்விடும். தகரம் தட்டிப் பார்த்து, பட்டாசு போட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு துவக்கு இருந்தால் நல்லது என்று தோன்றும். புதியது வாங்கக் கையில் காசு இருக்காது. அந்த நேரம் பார்த்து யாராவது வருவார்: தாத்தா காலத்து இரட்டைக்குழல் ஒன்று இருக்கிறது, தோட்டத்துத் துரை விட்டுப்போனது, அசல் இங்கிலீஸ் சாமான்.

என் மச்சானுக்கு அப்படித்தான் ஒரு தகவல் வந்தது. இரண்டு பேரும் போனோம். வீட்டுக்காரப் பெரியவர் தோல் உறையைப் பிரித்து மேசையில் வைத்தார். குழல் மேல் ஓர் ஆங்கிலப் பெயர், பக்கத் தகடுகளில் பூவேலைப்பாடு. “பேரைப் பாருங்க தம்பி, துரைமார் வச்சிருந்தது” என்றார். மச்சான் அப்போதே மனதுக்குள் விலை பேசத் தொடங்கிவிட்டான்.

நான் முதலில் கேட்டது உரிமத்தை. நம் இலங்கையில் துவக்கு விவகாரம் எல்லாம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. உரிமம் ஓர் ஆளுக்கும் ஒரு குறிப்பிட்ட துவக்குக்கும் சேர்த்துக் கொடுப்பது. வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டும். தகப்பன் இறந்தால் மகனுக்கு அது தானாக வந்துவிடாது. பலர் செய்வது என்னவென்றால், முற்பணம் கொடுத்துச் சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்புறம் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அலைவது. அந்த இடைப்பட்ட நாட்களில் பொலிஸ் வந்தால் நீங்கள் உரிமம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பவர், அவ்வளவுதான். கடதாசி முதலில், துவக்கு பிறகு. உரிமத்தில் உள்ள இலக்கமும் இரும்பில் வெட்டியிருக்கும் இலக்கமும் ஒன்றுதானா என்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். குழலில் ஓர் இலக்கமும் முன்கட்டையின் (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்துண்டு) இரும்பில் வேறோர் இலக்கமும் இருந்தால் அது இரண்டு துவக்கைச் சேர்த்து ஒட்டியதாக இருக்கலாம்.

பெரியவரின் கடதாசி சுத்தம். சிக்கல் இரும்பில் இருந்தது.

மேலே உள்ள பெயரை வைத்து விலை பேசுவதுதான் பெரிய தவறு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் சிறு சிறு பட்டறைகள் துவக்குச் செய்து கடைக்காரர்களுக்குக் கொடுத்தன. கடைக்காரர் தன் பெயரை வெட்டி விற்றார். ஆகவே கேள்விப்படாத பெயர் என்பதாலேயே அது மட்டமான துவக்கு ஆகிவிடாது. மறுபுறம், பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் மலிவாகச் செய்த துவக்குகளில் பிரபல ஆங்கிலப் பெயரைப் போலவே ஒலிக்கும் பெயர்களை வெட்டி அனுப்பினார்கள். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற பெரிய கம்பனி இருக்க, ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று போட்ட பெல்ஜியத் துவக்குகள் உலகம் முழுக்கக் கிடக்கின்றன.

உண்மை குழலின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. துவக்கைத் திறந்து, தோட்டா உள்ளே இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுங்கள். அடியில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். ஒவ்வொரு குழலையும் கூடுதல் மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்துத் தேறியதற்கு அடையாளமாகக் குத்தியவை அவை. பர்மிங்ஹாமின் சோதனைச் சாலை 1813 இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. நீங்கள் தேடவேண்டியது நைட்ரோ மருந்துக்கு, அதாவது பழைய கருமருந்துக்குப் பிறகு வந்த புகை குறைந்த வெடிமருந்துக்கு, சோதித்த முத்திரை: 1904 இலிருந்து கிரீடத்தின் கீழ் ‘என்.பி.’ (NP), 1954 க்குப் பிறகு ‘பி.என்.பி.’ (BNP). லியேஜ் துவக்கில் முட்டை வடிவத்துக்குள் ‘ஈ.எல்.ஜி.’ (ELG) என்று மட்டும் இருந்தால் அது கருமருந்துக்கு மட்டுமே தேறியது. நைட்ரோவுக்குத் தேறியதில் சிங்க உருவத்தோடு ‘பி.வி.’ (PV) இருக்கும். இன்று கடையில் கிடைக்கும் தோட்டா நைட்ரோ மருந்து. கருமருந்துக் குழலில் அதைப் போடுவது முகத்துக்கு நேரே சூதாடுவது. குழலில் நத்தைச் சுருள் போலக் கோடு ஓடினால் அது டமாஸ்கஸ், இரும்புப் பட்டையும் உருக்குப் பட்டையும் முறுக்கி ஒட்டியது. அதிலும் நைட்ரோவுக்குத் தேறியவை உண்டு; வெறும் குழலில் அந்தக் கோலத்தைச் சாயமாக ஏற்றிய ஏமாற்றும் உண்டு. கோலத்தைப் பார்க்காதீர்கள், முத்திரையைப் பாருங்கள்.

பெரியவரின் துவக்கில் முட்டை வடிவம் இருந்தது, சிங்கம் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப நான் இத்தன வருசமா இதுலதானே வெடி வச்சேன்?” என்றார். அதற்கு நான் என்ன சொல்ல.

முத்திரை சரியாக இருந்தாலும் தோட்டா அறையின் நீளத்தை அளக்காமல் விடாதீர்கள். பழைய 12 போர் (குழல் அகலத்தின் அளவு) துவக்குகள் பலவற்றில் அது 65 மில்லிமீற்றர். இப்போதைய 70 மில்லிமீற்றர் தோட்டா அதற்குள் நோகாமல் நுழைந்துவிடும். ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். ‘உள்ளே போகிறதே’ என்பது சோதனை அல்ல.

மற்றவை கை வேலைதான். முன்கட்டையைக் கழற்றிய நிலையில் துவக்கை மூடி ஆட்டினால் கடகடவென்றால் குழலும் துவக்கின் உடலும் சேரும் பிணைப்பு தேய்ந்திருக்கிறது. குழலை அதன் அடியில் உள்ள கொக்கியில் பிடித்துத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். அதிர்ந்து முனகினால் இரு குழலையும் இணைக்கும் பட்டை விட்டிருக்கிறது. வெறும் துவக்கில் விசையை இழுத்து இழுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், தோட்டாவை அடிக்கும் ஊசி உடையும். சிறு பட்டறைத் துவக்கில் ஒவ்வோர் உறுப்பும் அரத்தால் இராவிப் பொருத்தியது. உடைந்தால் கடையில் மாற்று உறுப்பு கிடையாது, கைதேர்ந்த ஒருவர் புதிதாகச் செய்துதான் தரவேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் நம் ஊர் மூடுபனி. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் தோல் உறைக்குள் வைத்த துவக்கு வெளியே எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும், துவக்கின் மரப்பகுதிக்கு அடியில் இரும்பு புழுவரித்த மாதிரிக் கிடக்கும். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் பூசி மினுக்கிக் காட்டினால் துணியால் துடைத்துவிட்டுக் குழலுக்குள் வெளிச்சத்தைப் பாருங்கள். உள்ளே வளையம் போல ஒரு நிழல் விழுந்தால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது. அதற்கு மேல் பேசவேண்டியதில்லை, தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம்.

மச்சான் இப்போது கச்சேரிக் கடிதத்துக்குக் காத்திருக்கிறான். பன்றிகள் யாருக்கும் காத்திருக்கவில்லை. போன வாரம் லீக்ஸ் பாத்திக்கும் வந்துவிட்டன.