வராத கியர்பாக்ஸை நெம்பாதீர்கள்

சாதாரண முன்சக்கர இயக்கக் கார்களில் கை பழகியவரையும் நான்கு சக்கரங்களும் இழுக்கும் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் காரின் ஐந்து கியர் பெட்டி, அதைக் கழற்றி மாட்டும் முதல் நாளில் திணறடித்துவிடும். எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்திருக்கிறது. கியர்கள், முன்சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பிரிக்கும் முன் டிஃபரன்ஷியல், முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. பக்கவாட்டில் முன்சக்கரங்களுக்குப் போகும் இரண்டு ஆக்சில்கள், பெட்டியின் வாலிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டான ப்ரொபெல்லர் ஷாஃப்ட். இவற்றில் ஒன்றை விடுவிக்க மறந்தாலும் பெட்டி அசையாது. அப்போதுதான் கை கடப்பாரையைத் தேடுகிறது. சேதமும் அங்கேதான் தொடங்குகிறது.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் கிளட்ச். அமெரிக்காவில் 2002 முதல் 2005 வரை விற்ற டபிள்யூஆர்எக்ஸில் இருப்பது இழுக்கும் வகைக் கிளட்ச். அதாவது, கிளட்ச் மிதியை அழுத்தும்போது நகரும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டோடு கொக்கி போட்டதுபோல் கோத்திருக்கும். எல்லா போல்ட்டுகளையும் கழற்றிய பிறகும் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி விழுந்து, அதற்குமேல் வராமல் நிற்கும். நானும் ஒரு மதியம் முழுவதும் அந்த இடைவெளியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் பக்கத்தில் ஒரு மூடி இருக்கிறது. அதைத் திறந்து, உள்ளே தெரியும் ஃபோர்க் (பேரிங்கை நகர்த்தும் கவை) தண்டில் 6 மி.மீ. போல்ட் ஒன்றைத் திருகி இழுத்தால் தண்டு வெளியே வந்துவிடும். பிறகு ஃபோர்க்கைப் பேரிங்கிலிருந்து விடுவித்தால் போதும், பெட்டி பேசாமல் பிரியும். இது தெரியாமல் நெம்பினால் ஃபோர்க் வளையும், அலுமினியக் கூட்டின் விளிம்பில் பள்ளம் விழும்.

ஆயிலை வடிக்காமல் ப்ரொபெல்லர் ஷாஃப்டை உருவுவது அடுத்த தவறு. காரின் முன்பக்கம் உயர்ந்திருந்தால் ஆயில் முழுவதும் வாலுக்கு வந்து நிற்கும். ஷாஃப்டை உருவிய நொடியில் கீழே படுத்திருப்பவருக்கு அபிஷேகம்தான். ஷாஃப்டும் பின் டிஃபரன்ஷியலும் சேரும் ஃபிளாஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டு) பெயிண்ட் கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அதே நிலையில் பொருத்தாவிட்டால் பிறகு அதிர்வு வரக்கூடும்.

முன் ஆக்சில்களைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின்களைத் திரும்பப் பூட்டும்போது துளைகள் அரைப்பல் அளவு விலகித் தெரிந்தால், சுத்தியலை ஓங்க வேண்டாம். ஆக்சிலை அரைச்சுற்று திருப்பிச் செருகினால் துளைகள் நேராகிவிடும். பின்கள் மட்டும் புதியவையாக இருக்கட்டும்.

திரும்ப ஏற்றும்போது செய்யும் பெரிய குற்றம், சேராத பெட்டியை போல்ட்டால் இழுத்துச் சேர்ப்பது. கிளட்ச் பிளேட் நடுவில் அமரவில்லை என்றாலோ ஸ்பிளைன் பற்கள் (கிளட்ச் பிளேட்டுக்குள் நுழையும் தண்டின் நீள வரிப்பற்கள்) நேராகவில்லை என்றாலோ சிறு இடைவெளி மிஞ்சும். போல்ட்டை முறுக்கினால் அது மூடிவிடும், ஆனால் கூட்டில் போல்ட் நுழையும் காது உடைந்துபோகலாம், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி நசுங்கலாம். பெட்டியின் எடையை இன்புட் ஷாஃப்டின் (கிளட்சிலிருந்து சுழற்சியை வாங்கும் அந்தத் தண்டு) மேல் தொங்கவிடுவதும் அதே சேதத்தைத்தான் செய்யும். ஜாக்கின் உயரத்தையும் சாய்வையும் எஞ்சினுக்கு ஒத்தாற்போல் மாற்றி, பெட்டியைக் கியரில் போட்டு, வாலிலிருக்கும் தண்டை மெல்லத் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள். கையால் தள்ளும்போதே இரு கூடுகளின் முகங்களும் ஒட்ட வேண்டும். போல்ட்டின் வேலை அதற்குப் பிறகுதான். ஸ்பிளைனில் கிரீஸை அப்பிவிடாதீர்கள். மிகையான கிரீஸ் சுழற்சியில் தெறித்துப் புதுக் கிளட்சையே வழுக்கவைக்கும்.

ஆயில் ஊற்ற மறப்பவர்களும் உண்டு, சிரிக்காதீர்கள். ஏறக்குறைய மூன்றரை லிட்டர் பிடிக்கும். முன் டிஃபரன்ஷியலின், ஒன்றோடொன்று வழுக்கி உரசும் ஹைப்பாயிட் பற்களும் அதே ஆயிலில்தான் ஓடுகின்றன என்பதால் ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரம் வேண்டும். ஆயில் இல்லாமல் ஓட்டினால் கியர்களும் டிஃபரன்ஷியலும் ஒரே பயணத்தில் போய்விடும்.

கடைசியாகச் சோதனை ஓட்டம். முன்சக்கரங்களை மட்டும் ஸ்டாண்டில் தூக்கிவைத்து, எஞ்சினை இயக்கிக் கியரில் போட்டுப் பார்ப்பது முன்சக்கர இயக்கக் கார்களில் வந்த பழக்கம். இந்தக் காரில் பின்சக்கரங்களும் இழுக்கும். தரையில் பதிந்திருக்கும் அவை காரை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும். நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாத உயரத்தில், நான்கு உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் கார் நின்ற பிறகே சாவியைத் திருப்புங்கள். அப்போது காருக்கு அடியில் யாரும் படுத்திருக்கக் கூடாது.