செல்லே இல்லாத குழியில் ஊதா நிறம்: நரம்புச் செல் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரம்புச் செல்லுக்கு ஒத்துப்போகுமா என்று, கிராஃபீன் (மெல்லிய கார்பன் தாள்) கலந்த ஜெல் ஒன்றை எம்.டி.டி. முறையில், அதாவது உயிருள்ள செல்லைச் சாயத்தின் நிறமாற்றத்தால் கண்டறியும் முறையில், சோதித்தோம். சோதனைப் பிளேட்டின் ஒவ்வொரு குழியிலும் நல்ல ஊதா. செல்கள் செழிப்பாக இருக்கின்றன என்று இரண்டு வாரம் சந்தோஷப்பட்டோம். அப்புறம் ஒருநாள் செல் போடாமல் வெறும் ஜெல்லுக்குச் சாயம் ஊற்றிப் பார்த்தால், அதிலும் ஊதா!

மஞ்சள் சாயத்தை ஊதாப் படிகமாக மாற்றுவது உயிருள்ள செல்லின் வேலை. ஆனால் கிராஃபீன் அதைத் தானே செய்துவிடும். வேறு சில பொருள்கள் அந்த ஊதாவை உறிஞ்சிக்கொண்டு, நல்ல செல்லையும் செத்ததாகக் காட்டும். அதனால் பொருள் மட்டும் உள்ள குழி ஒவ்வொரு பிளேட்டிலும் இருக்க வேண்டும். உயிருள்ளதைப் பச்சையாகவும் செத்ததைச் சிவப்பாகவும் காட்டும் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பிலும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, செல் தேர்வு. மருத்துவப் பொருள்களின் செல் நச்சுத்தன்மைக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 10993-5 சோதனையில் பெரும்பாலும் போடுவது எலியின் இணைப்புத்திசுச் செல். அதில் 70 சதவீதத்துக்கு மேல் பிழைத்தால் நச்சு இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். நரம்புக்குப் பொருந்தும் என்று அது சொல்லவில்லை. சரி, நரம்பு ஆய்வில் வழக்கமாகப் போடும் பி.சி.12 செல் போடலாமா? போடலாம், முதல் வடிகட்டலுக்கு. 1976-இல் எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து எடுத்த வரிசை அது. புற்றுச் செல் என்பதால் பெருகிக்கொண்டே போகும். முதிர்ந்த நியூரான் (நரம்புச் செல்) பெருகாது. எனவே எண்ணிக்கை கூடியதை வெற்றியாக எழுதாதீர்கள். முதுகுவேர் முடிச்சிலிருந்து (தண்டுவடத்தை ஒட்டிய உணர்வு நரம்புச் செல் தொகுப்பு) எடுத்த நியூரானிலும் ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

உயிரோடு இருந்தால் மட்டும் போதுமா? உருண்டையாக, ஒரு இழைகூட நீட்டாமல் உட்கார்ந்திருக்கும் நியூரானும் பச்சையாகத்தான் ஒளிரும். நியூரானில் இருக்கும் பீட்டா-3 டியூபுலின் என்ற புரதத்துக்குச் சாயமிட்டு இழை நீளத்தை அளந்தால்தான் உண்மை தெரியும். பிளாஸ்டிக் டிஷ்ஷை மட்டும் கன்ட்ரோலாக, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க, வைப்பதும் சரியில்லை. மூளைத் திசுவைவிட அது லட்சக்கணக்கான மடங்கு கெட்டி.

செல் ஒட்டுவதற்காகப் பாலிலைசின் பூசினால் நன்றாகக் கழுவுங்கள், ஒட்டாமல் மிஞ்சியது செல்லைக் கொல்லும்.

கரையும் பொருள் என்றால் மூன்றாம் நாளோடு சோதனையை முடிக்காதீர்கள். பி.எல்.ஜி.ஏ. என்ற கரையும் பாலிமர் சிதையும்போது லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் வரும். மூன்றாம் வாரம் ஊடகத்தின் (செல் வளரும் திரவம்) சிவப்பு மஞ்சளாக மாறினால், அது அமிலமாகியிருக்கலாம்; செல்லைப் பார்க்கும் முன் பி.எச். (அமிலத்தன்மை) அளவைப் பாருங்கள்.