கேசிங்கில் இறக்குவதற்கு முன் மேசையில் ஓட்டிப் பாருங்கள்: வீட்டிலேயே கணினி இணைக்கும் செய்முறை

பலதுறைத் தொழிற்கல்லூரியில் அனிமேஷன் படிக்கும் என் மகளுக்காகச் சென்ற ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கணினியை நானே இணைத்து முடித்தேன். ஒரு சனிக்கிழமை மாலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை திங்கட்கிழமை இரவு வரை இழுத்தது. பாகங்களைப் பொருத்துவதற்கு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. மீதி நேரம் முழுவதையும் முதல் முறை மின்சாரம் கொடுத்த பிறகு வந்த கறுப்புத் திரையே விழுங்கிவிட்டது. ஆகவே அந்தப் படியை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன். பிராசசர் எது, ரேம் எது என்பது போன்ற அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்ன வாங்கினேன், ஏன்

ஏஎம்டி ரைசன் 5 7600 பிராசசர், பி650 சிப்செட் கொண்ட மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 16 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்5 ரேம், 1 டிபி எம்.2 எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, 650 வாட் பவர் சப்ளை, முன்பக்கம் முழுவதும் வலையாக உள்ள கேசிங் (கணினியின் வெளிப்பெட்டி) ஆகியவற்றை வாங்கினேன். இந்தப் பிராசசருக்குள்ளேயே சிறிய கிராஃபிக்ஸ் வசதி இருப்பதால், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலேயே திரையில் படம் வரும். பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து வரும் 7500எஃப் போன்றவற்றில் அவ்வசதி கிடையாது. விலை சற்றுக் குறைவு என்பதற்காக முதல் முறை கணினி இணைப்பவர்கள் அவற்றை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏதேனும் கோளாறு வந்தால் அது கார்டிலா மதர்போர்டிலா என்று பிரித்தறிய வழியில்லாமல் போய்விடும்.

பிராசசர் அதிகபட்சமாக 88 வாட்டும் கார்டு 115 வாட்டும் எடுக்கும் என்பதால் 650 வாட் தாராளம். கேசிங்கைப் பொறுத்தவரை, கண்ணாடி முகப்புள்ளவை பார்க்க அழகாக இருந்தாலும் நம் ஊருக்கு ஒத்துவராது. குளிர்சாதனம் போடாத எங்கள் கூடத்தில் பிற்பகலில் 31 பாகை இருக்கும். அறையின் வெப்பம் எவ்வளவு கூடுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு உள்ளிருக்கும் பாகங்களின் வெப்பமும் கூடும். குளிர்நாட்டு அறைகளில் சோதித்துச் சொல்லப்படும் அளவுகளை நம்பிக் காற்றோட்டத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

பாகங்கள் பெரும்பாலானவற்றை, கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் கட்டடத்தில் வாங்கினேன். ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவுதான். தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும் நாளிலேயே இதையும் முடித்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று கடைகளின் விலைப்பட்டியலை வாங்கி ஒப்பிட்ட பிறகு பணம் கொடுங்கள். வெளிநாட்டு இணையக் கடைகளோடு ஒப்பிடுபவர்கள் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியையும், உத்தரவாதத்துக்காகப் பொருளைத் திருப்பி அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இங்குள்ள கடையில் வாங்கினால் 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள, குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் 'லெமன் சட்டம்' துணைக்கு இருக்கிறது: பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் முதலில் கருதப்படும். ரசீதையும் பெட்டிகளையும் பத்திரப்படுத்துங்கள். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் விற்கும் பழைய பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

மேசையைத் தயார் செய்தல்

காந்த முனையுள்ள, தண்டு நீளமான நட்சத்திர ஸ்க்ரூட்ரைவர் ஒன்று போதும். மின்சார ஸ்க்ரூட்ரைவர் வேண்டவே வேண்டாம்; எம்.2 எஸ்எஸ்டியின் திருகு அரிசிமணி அளவுதான் இருக்கும், அதன் மரையை அது ஒரு நொடியில் தேய்த்துவிடும். திருகுகளைப் பிரித்து வைக்க எங்கள் வீட்டுப் பழைய குழிப்பணியாரச் சட்டியைப் பயன்படுத்தினேன். மதர்போர்டுத் திருகு ஒரு குழியில், விசிறித் திருகு ஒரு குழியில், அந்த அரிசிமணித் திருகு நடுக்குழியில் என்று வைத்துக்கொண்டதில் கடைசி வரை ஒன்றுகூடத் தொலையவில்லை.

ஈரப்பதம் மிகுந்த நம் காற்றில் நிலைமின்சாரத்தின் தொல்லை குறைவு. ஆனால் குளிர்சாதனம் ஓடும் அறையில் காற்று உலர்ந்துவிடும். பவர் சப்ளையைச் சுவர் சாக்கெட்டில் செருகி, சாக்கெட்டின் சுவிட்சை மட்டும் அணைத்து வையுங்கள். நம் மூன்று ஊசிச் சாக்கெட்டில் சுவிட்ச் அணைந்திருந்தாலும் எர்த் இணைப்பு அறுபடுவதில்லை. ஆகவே பவர் சப்ளையில் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை அவ்வப்போது தொட்டுக்கொண்டால் உடலில் சேர்ந்த மின்சாரம் இறங்கிவிடும்.

மதர்போர்டில் பொருத்த வேண்டியவை

மதர்போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கி, பிராசசரின் மூலையிலுள்ள தங்கநிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, நகர்த்தாமல் நேராக இறக்கி வையுங்கள். ஏஎம்5 சாக்கெட்டில் 1,718 ஊசிகள் இருக்கின்றன; ஒன்று வளைந்தாலும் சரிசெய்வது கடினம். நெம்புகோலை மூடும்போது ஏதோ உடையப்போகிறது என்று அஞ்சும் அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கும், அது இயல்புதான். கறுப்புப் பிளாஸ்டிக் மூடி தானாகக் கழன்று வரும். உத்தரவாதத்துக்குத் தேவைப்படும் என்பதால் அதை எறிந்துவிடாதீர்கள்.

7600 உடன் வரும் கூலரின் (பிராசசரைக் குளிர்விக்கும் விசிறித் தொகுதி) அடியில், வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும். மதர்போர்டில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றிவிட்டு, கூலரின் நான்கு திருகுகளையும் எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். வேறு கூலர் வாங்கியிருந்தால் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்க மறக்காதீர்கள். கூலரின் விசிறிக் கம்பியை 'சிபியு ஃபேன்' என்று குறித்த இடத்தில் செருகுங்கள். ரேமைப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் 'டக்' என்ற ஒலி வரும்வரை அழுத்துங்கள். எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தித் திருகிவிடலாம்.

மேசையிலேயே முதல் ஓட்டம்

பலர் இந்த நிலையில் மதர்போர்டைக் கேசிங்கில் இறக்கிவிடுகிறார்கள். நீங்கள் அவ்வாறு செய்யாதீர்கள். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் அதை வையுங்கள். பளபளக்கும் நிலைமின் தடுப்புப் பையின் மேல் வைக்க வேண்டாம், அதன் மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. 24 ஊசிக் கம்பியையும், பிராசசருக்கான 8 ஊசிக் கம்பியையும் செருகுங்கள். கார்டுக்கான கம்பியும் 8 ஊசிதான் என்றாலும் இரண்டும் வேறு: பிராசசர் கம்பி நான்கும் நான்குமாகப் பிரியும், கார்டின் கம்பி ஆறும் இரண்டுமாகப் பிரியும். எச்டிஎம்ஐ கம்பியை மதர்போர்டின் பின்முகத்தில் செருகி, சுவர் சுவிட்சையும் பவர் சப்ளையின் சுவிட்சையும் போட்ட பிறகு, கையேட்டில் 'பவர் ஸ்விட்ச்' என்று காட்டப்பட்டுள்ள இரண்டு ஊசிகளை ஸ்க்ரூட்ரைவரின் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். அவை குறைந்த மின்னழுத்தம் கொண்டவை, ஆபத்தில்லை.

விசிறி சுழலத் தொடங்கும், திரையில் ஒன்றும் வராது. பல மதர்போர்டுகளின் ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (இயங்குதளத் தொடக்கம்) என்று குறிக்கப்பட்ட நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எனக்கு டிராம் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டே இருந்தது. அரை நிமிடம் பார்த்தேன். ரேம் பழுது என்று முடிவுகட்டி அணைத்தேன். ரேமை இடம் மாற்றிச் செருகி மீண்டும் போட்டேன். அதே ஆரஞ்சு விளக்கு எரிந்தது, நாற்பது நொடியில் மீண்டும் அணைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கூலரைக் கழற்றி, பேஸ்டைத் துடைத்து, பிராசசரையே வெளியே எடுத்துப் பார்த்தேன். ஊசிகள் அனைத்தும் நேராகத்தான் இருந்தன. புதிய பேஸ்ட் பூசி, அணைத்து அணைத்துப் பத்துப் பன்னிரண்டு முறையாவது முயன்றிருப்பேன்.

திங்கட்கிழமை மாலை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வாங்கிய கடைக்கே போனேன். அங்கிருந்த அங்கிள் மதர்போர்டை ஓர் அட்டையின் மேல் வைத்து, கம்பிகளைச் செருகி, ஊசிகளைத் தொட்டுவிட்டு, தம் கோப்பி-ஓவை எடுத்துக் குடிக்கத் தொடங்கினார். ஆரஞ்சு விளக்கைப் பதற்றத்துடன் சுட்டிக்காட்டினேன். அவர் என்னைப் பார்த்து உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். இரண்டு நிமிடம் கழிந்திருக்கும். விசிறியின் ஓசை ஒரு கணம் தணிந்து எழுந்தது, ஆரஞ்சு விளக்கு அணைந்தது, திரையில் மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம் வந்தது. டிடிஆர்5 முதல் முறை அப்படித்தான், தொடாமல் இருந்தால் தானாக வரும் என்றார். காசு எதுவும் வாங்கவில்லை.

காரணம் இதுதான். டிடிஆர்5 ரேமும் பிராசசரும் மிக அதிக வேகத்தில் தரவைப் பரிமாறிக்கொள்வதால், நீங்கள் செருகியுள்ள ரேமுக்கு ஏற்ற நேர இடைவெளிகளையும் மின்னழுத்தங்களையும் மதர்போர்டு ஒவ்வொன்றாகச் சோதித்துத் தேர்ந்தெடுக்கிறது. இதை மெமரி டிரெய்னிங் என்பார்கள். அதுவரை திரையில் எதையும் காட்ட அதனால் இயலாது. அரை நிமிடத்தில் அணைத்த ஒவ்வொரு முறையும் நான் அந்தச் சோதனையைத் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆகவே கைப்பேசியில் பத்து நிமிட அலாரம் வைத்துவிட்டு மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். ரேம் 64 ஜிபி என்றால் இன்னும் கூடுதல் நேரம் ஆகலாம். இடையில் கணினி தானாக ஒருமுறை அணைந்து எழுந்தாலும் தொடாதீர்கள். அதற்குப் பிறகும் திரை வராவிட்டால், முதலில் 8 ஊசிக் கம்பி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள்; அடுத்து ஒரே ஒரு ரேமை இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் வைத்து முயலுங்கள்.

சிபியு விளக்கு எரிந்தால், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் பழையதாக இருக்கலாம். பி650 மதர்போர்டுகள் 2022 அக்டோபரில் வந்தவை. 2024 ஆகஸ்டில் வந்த ரைசன் 9000 வரிசைப் பிராசசர்களைக் கடையில் நெடுநாள் இருந்த மதர்போர்டு அடையாளம் காணாது. பயாஸைப் புதுப்பிக்கும் 'பயாஸ் ஃபிளாஷ்பேக்' பொத்தான் இருந்தால், ஃபேட்32 முறையில் வடிவமைத்த யுஎஸ்பியில் புதிய பயாஸ் கோப்பை இட்டு, கையேடு சொல்லும் பெயரைச் சூட்டி, அதற்கென்று குறித்த துளையில் செருகிப் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு சிமிட்டி ஓயும்வரை மின்சாரத்தைத் துண்டிக்கக்கூடாது. நான் மதர்போர்டு வாங்கும்போது இந்தப் பொத்தானுக்காகவே சற்றுக் கூடுதல் விலை கொடுப்பேன்.

கேசிங்கில் இறக்குதல்

பயாஸில் 32 ஜிபியும் எஸ்எஸ்டியும் தெரிந்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கேசிங்குக்கு வரலாம். மதர்போர்டின் துளைகளுக்கு நேராக மட்டுமே பித்தளைத் தாங்கிகள் இருக்க வேண்டும்; துளையில்லாத இடத்தில் ஒன்று இருந்தால் அது மதர்போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் குறுக்கிணைப்பை உண்டாக்கும். பிராசசரின் 8 ஊசிக் கம்பியை மதர்போர்டை வைப்பதற்கு முன்பே மேல் மூலைத் துளை வழியாக இழுத்துவிடுங்கள், பிறகு கை நுழையாது. முன்விசிறிகள் காற்றை உள்ளிழுக்க, பின்விசிறி வெளித்தள்ள வேண்டும். கடைசியாகக் கார்டைச் செருகித் திருகி, எச்டிஎம்ஐ கம்பியை மதர்போர்டிலிருந்து எடுத்துக் கார்டில் செருகுங்கள்.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்து இணைத்த ஒருவர், ரேமை அதன் மேல் அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் 'எக்ஸ்போ' வசதியைப் பயாஸில் இயக்கியதும் திரை மீண்டும் கறுத்துவிட்டது என்று எழுதினார். 6000 என்று அச்சிட்ட ரேம் வாங்கியபடியே விட்டால் 4800 வேகத்தில்தான் ஓடும் என்பதால் எக்ஸ்போவை இயக்க வேண்டியதுதான். ஆனால் வேகம் மாறியதும் மெமரி டிரெய்னிங் மறுபடியும் நடக்கும். பயாஸைப் புதுப்பித்தாலும் அப்படியே. அதே பத்து நிமிட அலாரத்தை அப்போதும் வையுங்கள்.

பழைய பவர் சப்ளையின் கம்பிகளைப் புதியதில் பயன்படுத்தலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். கூடாது. கழற்றி மாட்டும் வகைக் கம்பிகளில், பவர் சப்ளை பக்கமுள்ள முனையின் ஊசி வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். முனை கச்சிதமாக உள்ளே போய்விடும். தவறான ஊசியில் 12 வோல்ட் பாய்ந்து எஸ்எஸ்டியோ ஹார்டு டிஸ்கோ கருகிவிடும்.

விண்டோஸ் 11 நிறுவும்போது இணையம் கேட்கும் திரையிலேயே நின்றுவிட்டதாகச் சிலர் எழுதினார்கள். புதிய மதர்போர்டின் வைஃபையை விண்டோஸ் அப்போது அறியாது. சில மதர்போர்டுகளில் கம்பிவழி இணையத்துக்கான லேன் துளையையும் அறியாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியில் இணைத்து, அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால் அது இணைய இணைப்பாகத் தோன்றும். நிறுவி முடித்ததும் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து லேன், வைஃபை டிரைவர்களை இறக்கிவிட்டுக் கைப்பேசியைக் கழற்றிக்கொள்ளலாம்.